பழைய பாண்டோனியன்: அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும்

பாண்டோனியன் என்பது இரு கையாலும் விரித்து மூடி, பொத்தான்களை அழுத்தி வாசிக்கும் துருத்தி வாத்தியம்; அர்ஜென்டினாவின் டாங்கோ நடன இசையில் ஒலிப்பது. பழையது ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது பெயரை. முகப்பில் ‘ஏ.ஏ.’ (ஆல்ஃப்ரெட் ஆர்னால்ட் நிறுவனத்தின் முத்திரை) என்ற எழுத்துகள் இருந்தால் புதையல், இல்லாவிட்டால் பழைய சாமான் கடைக்கு என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டும் பிழையாகலாம். நாக்குகளை (காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் எஃகு ரீடுகள்) துரு தின்ற ஏ.ஏ.வை விட, பெயர் தேய்ந்துபோன ஆனால் உள்ளே கைபடாத இன்னொரு கருவிக்கு அதிகம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி பெயரைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது. முதலில் பொத்தான்களை எண்ண வேண்டும், பிறகு வாசித்துக் கேட்க வேண்டும், பிறகு உள்ளே பார்க்க வேண்டும். விலை அதற்கப்புறம்தான்.

தேவையான சாமான்கள்: சிறு டார்ச், ட்யூனர் செயலி உள்ள கைபேசி, கட்டம் போட்ட தாள், பென்சில், சமையலறைத் தராசு, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடி. எண்ணெய், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே, உப்புத்தாள் இவற்றில் எதுவும் கருவியின் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. ஸ்ப்ரே அடிக்கப்பட்ட நாக்குகளில் எண்ணெயும் தூசும் சேர்ந்து பசையாகிவிடும். அதைச் சுத்தம் செய்யும் கூலி துருவை எடுக்கும் கூலியைத் தாண்டும்.

கையில் எடுக்கும் முன்

பல வருடம் பெட்டிக்குள் கிடந்த துருத்தியின் தோல் விறைத்திருக்கும். பட்டென்று இழுத்தால் மடிப்பின் மூலைகள் கிழியும். கருவியைத் தொடையில் வைத்து, வலது கட்டைவிரலுக்கு எட்டும் காற்றுத் திறப்பு நெம்புகோலை அழுத்தியபடியே மெதுவாகப் பாதி வரை விரித்து மூடவும். இப்படி நாலைந்து தடவை செய்தால் தோல் இளகும். எந்தப் பொத்தானையும், காற்றுத் திறப்பையும் அழுத்தாமல் துருத்தியை வலிந்து இழுக்கவோ தள்ளவோ கூடாது. காற்று போக வழியில்லாமல் வால்வுத் தோல்களும் (நாக்குகளின் இடுக்கை மூடும் சிறு தோல் துண்டுகள்) துருத்தி ஒட்டுகளும்தான் அடி வாங்கும்.

வெளியூரிலிருந்து வந்த கருவியானால் பெட்டியைத் திறந்து அறை வெப்பத்தில் சில மணி நேரம் வைத்த பிறகே சுருதி அளக்கவும். குளிர்ந்த எஃகு நாக்கு வேறு எண்ணைக் காட்டும்.

இது பாண்டோனியன்தானா?

அறுகோண முகம் உள்ளது பாண்டோனியன் அல்ல, அதைவிடச் சிறிய துருத்தி வாத்தியமான கான்செர்டினா. அதோடு கேள்வி முடிந்தது. குழப்பம் வருவது சதுர முகக் கருவிகளில். ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் ஃப்ரீட்ரிக் ஊலிக் 1830களில் தொடங்கிவைத்த ஜெர்மன் கான்செர்டினாவுக்கும், கிரெஃபெல்ட் நகரத்து இசைக்கருவி வணிகர் ஹைன்ரிக் பாண்ட் தன் பெயரில் விற்ற பாண்டோனியனுக்கும் ஒரே வம்சம். உடல், துருத்தி, கைப்பட்டை எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். வேறுபடுவது பொத்தான்களின் எண்ணிக்கையும் எந்தப் பொத்தானில் எந்த ஸ்வரம் என்ற அமைப்பும். அமெரிக்காவில் போல்கா நடன இசை வாசிக்கும் கெம்னிட்ஸர் கான்செர்டினா பெரும்பாலும் 104 ஸ்வரம், அதாவது 52 பொத்தான். பளபளக்கும் கற்களும் பெரிய எழுத்தில் வாசிப்பவர் பெயரும் பதித்த ஒரு சதுரக் கருவி சிகாகோ பக்கத்திலிருந்து வந்தால், அது பாண்டோனியன் என்று சொல்லி விற்கப்பட்டாலும் நம்ப வேண்டாம்.

பொத்தான்களை எண்ணுதல்

விலையை நிர்ணயிக்கும் காரணங்களில் இதற்கே முதலிடம். காசு செலவில்லாமல் இரண்டு நிமிடத்தில் முடியும் வேலையும் இதுதான். காற்றுத் திறப்பு நெம்புகோலை விட்டுவிட்டு வலது, இடது பக்கங்களைத் தனித்தனியாக எண்ணவும்.

வலது 38, இடது 33, மொத்தம் 71 என்றால் அது ‘ரைன்லாந்து’ அமைப்பு. ஒவ்வொரு பொத்தானும் துருத்தியை விரிக்கும்போது ஒரு ஸ்வரமும் மூடும்போது இன்னொரு ஸ்வரமும் தருவதால் இதை 142 ஸ்வரக் கருவி என்பார்கள். புவெனோஸ் ஐரிஸ், மான்டெவிடியோ டாங்கோ இசைஞர்கள் கற்பதும் கற்பிப்பதும் இதில்தான். உலகச் சந்தையில் தேவை குவிந்திருப்பதும் இதற்கே.

வலது 37, இடது 35, மொத்தம் 72 என்றால் 1924இல் ஜெர்மன் சங்கங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட ‘ஐன்ஹைட்ஸ்’ அமைப்பு, 144 ஸ்வரம். தரத்தில் குறைந்ததல்ல. ஒரே தொழிற்சாலை, ஒரே கைகள் செய்தவைதாம். ஆனால் டாங்கோ மாணவர் இதை வாங்கினால் ஆசிரியரின் விரலமைப்பு பொருந்தாது. அதனால் அதே தரமுள்ள 142ஐ விட விலை கணிசமாகக் குறையும். 71க்கும் 72க்கும் ஒரே ஒரு பொத்தான்தான் வித்தியாசம். அவசரத்தில் எண்ணி ஏமாந்தவர்கள் நிறைய. மொத்தத்தை மட்டும் எண்ணாமல் இரு பக்கத்தையும் பிரித்து எண்ணச் சொல்வது இதற்காகத்தான்.

65 பொத்தான் உள்ள 130 ஸ்வரக் கருவிகளும் 100, 106, 110 ஸ்வரச் சிறு கருவிகளும் பொதுவாக வயதில் மூத்தவை. மூத்தது என்பதால் விலை ஏறாது. டாங்கோ உருப்படிகளுக்கு வேண்டிய ஸ்வரங்கள் இவற்றில் இல்லை. சேகரிப்பாளருக்கும் வீட்டு அலமாரிக்குமே போகும். 71ஐத் தாண்டிக் கூடுதல் பொத்தான் உள்ள கருவிகளும் கண்ணில் படும். அவற்றில் அடிப்படை அமைப்பு ரைன்லாந்துதானா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, நடுவிலுள்ள ஏதாவது பொத்தான் ஒன்றை அழுத்தி விரித்தும் மூடியும் பார்க்கவும். இரண்டு வெவ்வேறு ஸ்வரம் வந்தால் மேலே சொன்ன வகை. பல பொத்தான்களில் சோதித்தும் இரு திசையிலும் ஒரே ஸ்வரம்தான் என்றால் அது குரோமாட்டிக் வகை. 1920களில் வந்த பெகுரி, குஸ்ஸெரோ முறைகள் இதில் சேரும். பிரான்சில் அக்கார்டியன் பழகியவர்கள் பெகுரி முறையைத் தேடுவதுண்டு. மற்றபடி வாங்குவோர் சிலரே.

ஒரு எச்சரிக்கை. 144 ஸ்வரக் கருவியைப் பட்டறையில் 142 அமைப்புக்கு மாற்றியிருப்பார்கள். விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். உள்ளே பொத்தான்களோடு இணைந்த நெம்புகோல்களின் பலகையில் அடைத்த துளைகள், மற்றவற்றோடு நிறம் ஒட்டாத நெம்புகோல்கள், ஒரே தகட்டில் புதிதாகப் பளபளக்கும் சில நாக்குகள் ஆகியவை தடயம். மாற்றம் நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் வாசிக்க ஏற்றதுதான். ஆனால் அசல் 142இன் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

ஒரு ஸ்வரத்துக்கு எத்தனை நாக்கு?

டாங்கோவில் கேட்கும் பாண்டோனியனில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு எஃகு நாக்குகள், ஒன்றுக்கொன்று ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்ந்து ஒலிக்கும். கணக்குப் போட்டால் 71 பொத்தான், இரண்டு திசை, இரண்டு நாக்கு, ஆக 284. ஜெர்மன் நாட்டார் இசைக்குச் செய்த கருவிகளில் மூன்று, நான்கு நாக்குகள் இருக்கும். அவற்றில் இரண்டு ஒரே ஸ்தாயியில் சற்றே விலகிய சுருதியில் இருப்பதால் ஒலி அலையலையாக நடுங்கும். அந்த நடுக்கம் சீராக எல்லா ஸ்வரத்திலும் இருந்தால் கருவியே அப்படிப்பட்டது. டாங்கோக்காரர்களுக்கு வேண்டாம். சில ஸ்வரங்களில் மட்டும் இருந்தால் இரண்டு நாக்குக் கருவி சுருதி கலைந்திருக்கிறது என்று பொருள். இது சரிசெய்யக்கூடியது.

யார் செய்தது, எப்போது?

பெரும்பாலான நல்ல பாண்டோனியன்கள் சாக்சனி மலைப்பகுதியிலுள்ள கார்ல்ஸ்ஃபெல்ட் என்ற சிற்றூரில் பிறந்தவை. அங்கே கார்ல் ஃப்ரீட்ரிக் ஜிம்மர்மன் நடத்திய பட்டறையை 1864இல் எர்ன்ஸ்ட் லூயிஸ் ஆர்னால்ட் எடுத்துக்கொண்டார். அவருடைய முதலெழுத்துகள்தாம் ‘ஈ.எல்.ஏ.’ முத்திரை. அவர் மறைந்த பின் மகன் ஆல்ஃப்ரெட் ஆர்னால்ட் 1911இல் தனி நிறுவனம் தொடங்கினார். அதுதான் ‘ஏ.ஏ.’, அர்ஜென்டினாக்காரர் வாயில் ‘டோப்ளே ஆ’, அதாவது ‘இரட்டை ஏ’. அனீபல் த்ரோய்லோ, ஆஸ்டர் பியாசோலா போன்ற டாங்கோ மேதைகள் வாசித்தது இதைத்தான். இன்றைய விலைக்குப் பாதிக் காரணம் கருவியின் தரம் என்றால் மீதிப் பாதி இந்தப் பெயர்கள். ‘பிரீமியர்’ என்ற பெயரில் வருவதும் ஆல்ஃப்ரெட் ஆர்னால்ட் தொழிற்சாலை வேலைதான். பெயரை மட்டும் பார்ப்பவர்கள் அதைத் தவறவிடுவதால், பொறுமையாகத் தேடும் மாணவருக்கு அது நல்ல வாய்ப்பு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்ல்ஸ்ஃபெல்ட் கிழக்கு ஜெர்மனிக்குள் வந்தது, ஆர்னால்ட் நிறுவனம் அரசுடைமை ஆனது. பழைய கைவினை மரபு அங்கே அறுந்துபோனது. குடும்பத்தில் ஒருவரான ஆர்னோ ஆர்னால்ட் மேற்கு ஜெர்மனிக்குப் போய் அங்கே தன் பெயரில் செய்தார். ‘ஆர்னோ ஆர்னால்ட்’ என்று முகப்பில் கண்டால் அது போருக்குப் பிந்தியது. ‘ஆர்னால்ட்’ என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டுப் போருக்கு முந்திய ஏ.ஏ. விலை கொடுத்தால் நஷ்டம். புவெனோஸ் ஐரிஸில் செய்த ‘லூயிஸ் மாரியானி’ கருவிகளும் உண்டு. அவற்றுக்கும் வாசிப்போர் மத்தியில் மதிப்பிருக்கிறது, ஏ.ஏ.க்கு ஒரு படி கீழே.

வரிசை எண் ஒன்றை மட்டும் வைத்து ஆண்டைக் கணிக்க முயல வேண்டாம். அதைவிட உறுதியான சான்றுகள் கருவியிலேயே அச்சாகி இருக்கும்:

- ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற ஆங்கில முத்திரை: பிரிட்டனின் 1887 வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகு பரவிய வழக்கம்.
- ‘டி.ஆர்.ஜி.எம்.’: 1891இலிருந்து 1945 வரை ஜெர்மானியப் பேரரசின் சிறு கண்டுபிடிப்புப் பதிவுக் குறி.
- ‘டி.ஆர்.பி.’: 1877 முதல் 1945 வரையிலான காப்புரிமைக் குறி.
- ‘வி.ஈ.பி.’: கிழக்கு ஜெர்மனி அரசுத் தொழிற்சாலை, எனவே போருக்குப் பின்.
- ‘இந்துஸ்த்ரியா அர்ஜென்டினா’: அங்கேயே செய்தது.

பெட்டியின் உள்ளே பென்சிலில் எழுதிய தேதிகளும் ஒட்டிய பட்டறைச் சீட்டுகளும் இருக்கும். அவை பழுதுபார்த்தவர் விட்டுப்போனவை. கருவி செய்த ஆண்டு அல்ல, அந்த ஆண்டுக்கு முன் செய்தது என்று மட்டும் கொள்ளவும். துடைக்க வேண்டாம்.

வாசித்துச் சோதித்தல்

முதலில் காற்றுக் கசிவு. துருத்தியை மூடி, ஒரு பக்கத்தை மேலே பிடித்து, மறு பக்கம் தன் எடையால் கீழே இறங்கும்படி விடவும். கீழே இன்னொரு கை தாங்கத் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் மொத்தக் கருவி 5 முதல் 7 கிலோ வரை வரும். எந்தப் பொத்தானும் அழுத்தாமல் இரண்டு மூன்று நொடியில் முழுக்க விரிந்துவிட்டால் பெரிய கசிவு. மெல்ல மெல்ல இறங்கினால் நல்லது. கசிவு எங்கே என்று பார்க்க, அழுத்தம் கொடுத்தபடி மடிப்பு மூலைகளை ஈரமான உதட்டருகே கொண்டுபோனால் காற்றுப் படும் இடம் தெரியும். துருத்தி பொதுவாக மூன்று பகுதியாக, நடுவே இரண்டு மரச் சட்டத்தோடு இருக்கும். அந்தச் சட்டத்தோடு தோல் ஒட்டியிருக்கும் ஓரங்களை விடாமல் பார்க்கவும். துருத்தியில் குறையே இல்லாமல் கசிந்தால், தோல் திண்டுகள் துளைகளைச் சரியாக மூடவில்லை. அந்த வேலை துருத்தியை மாற்றுவதை விட மலிவு.

பிறகு 142 ஸ்வரங்களும். தாளில் வலது, இடது என்று பிரித்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் விரிப்பு, மூடல் என்று இரண்டு கட்டம் போடவும். ஒரே அளவான, மிதமான அழுத்தத்தில் ஒவ்வொன்றையும் மூன்று நொடி ஒலிக்கவிட்டுக் கட்டத்தில் குறிக்கவும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், அலுக்கும். விற்பவர் கூடத்தில் அவசரப்படுத்தினால் குறைந்தபட்சம் இடது பக்கத்து அடி ஸ்வரங்களையும் வலது பக்கத்து உச்ச ஸ்வரங்களையும் முடிக்கவும். கெடுதல் பெரும்பாலும் அந்த இரு முனையில்தான் முதலில் தெரியும்.

கேட்பது என்ன, காரணம் என்ன என்பதற்கு ஒரு கைக்குறிப்பு:

- ஒரு ஸ்தாயி மட்டும் ஒலிக்கிறது, ஜோடி நாக்கு ஊமை: இடுக்கில் தூசு அல்லது துரு. அல்லது நாக்கு முறிந்துவிட்டது. முதலாவது சில நிமிட வேலை, இரண்டாவது புது நாக்கு ரிவெட் அடிக்கும் வேலை.
- பொத்தான் அழுத்தாமலே ஒலிக்கிறது: ஸ்பிரிங் உடைந்தது, மர நெம்புகோல் வளைந்தது, அல்லது திண்டு இடம் நகர்ந்தது.
- ‘ஜ்ஜ்ஜ்’ என்ற இரைச்சல்: ரிவெட் தளர்ந்து நாக்கு துளை ஓரத்தில் உரசுகிறது.
- திசை மாற்றும்போது ‘டப்’ என்ற ஓசை: வால்வுத் தோல் சுருண்டுவிட்டது. ஓரிரண்டில் என்றால் சும்மா விடலாம். பாதிக் கருவியில் என்றால் எல்லாத் தோலையும் மாற்றிச் சுருதியும் முழுக்கச் சேர்க்க வேண்டியிருக்கும்.
- ஸ்வரம் தாமதமாக எழுகிறது: நாக்கின் நுனி தகட்டிலிருந்து தூக்கி நிற்கிறது அல்லது காற்றுக் கசிகிறது. அடி ஸ்வரங்களில் சிறிதளவு தாமதம் இயல்பு.

சுருதி சொல்லும் கதை

ட்யூனரை ஏ=440இல் (‘ஏ’ ஸ்வரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு) வைத்து எல்லா ஸ்வரங்களின் விலகலையும் சென்ட் கணக்கில் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) எழுதவும். இதில் தனித்தனி எண்களை விட மொத்தப் போக்குதான் முக்கியம். பெரும்பாலான ஸ்வரங்கள் சுமார் 8 சென்ட் மேலே நின்றால் கருவி 442க்குச் சேர்க்கப்பட்டது. அப்படியே வாசிக்கலாம். ஏறக்குறைய எல்லாமே 20 சென்ட் கீழே சீராக நின்றால் அது 435, அதாவது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் பரவலாக ஏற்கப்பட்ட பழைய சுருதி. யாரும் அரம் போடாத நாக்குகள் உள்ளே இருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல அறிகுறி. இதைப் ‘சுருதி தப்பியது’ என்று சொல்லி விலை குறைக்கிறவரும் உண்டு, குறைத்துக்கொண்டு மகிழ்ச்சியாக வாங்குகிறவரும் உண்டு. எண்கள் மேலும் கீழுமாகச் சிதறி, ஒன்று +12, பக்கத்தில் −25 என்றிருந்தால் துருவோ தூசோ அவசரச் சுருதிச் சேர்ப்போ காரணம்.

நாக்கின் சுருதியைக் கூட்ட நுனியைச் சுரண்டுவார்கள், குறைக்க ரிவெட் பக்கத்தைச் சுரண்டுவார்கள். ஒவ்வொரு முறையும் எஃகு கொஞ்சம் போகும், போனது திரும்பாது. பல முறை 435இலிருந்து 440, பிறகு 442, மறுபடி 440 என்று அலைக்கழிக்கப்பட்ட நாக்கு மெலிந்து, அழுத்திய வேகத்தில் சுருதி இறங்கும், ஒரு நாள் முறியும். மென்மையாகவும் பலமாகவும் வாசித்து அதே ஸ்வரத்தின் எண் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கவும். அடி ஸ்வரங்களில் சற்று இறங்குவது எல்லாக் கருவிக்கும் பொது. நடு ஸ்வரங்களும் தாராளமாக நகர்ந்தால் நாக்குகளின் ஆயுள் குறைந்துவிட்டது.

உள்ளே பார்ப்பது

தயாரிப்பைப் பொறுத்துத் திருகுகளோ கொக்கிகளோ பிடித்திருக்கும். எப்படித் திறக்கும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கை வைக்க வேண்டாம். நெம்பித் திறந்த தடம் வெனீரில் (உடல் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு) விழுந்தால் அதுவே விலையைக் குறைக்கும். ஆர்மோனியம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லும் எண்ணம் நம் ஊரில் இயல்பாக வரும். திறந்து பார்க்க அவர் உதவலாம், அரம் போட விடக் கூடாது. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு ரீடும் தனித் தனிப் பித்தளைத் துண்டு, கெட்டால் கழற்றி வேறு போடலாம். பாண்டோனியனில் எஃகு நாக்குகள் பலவும் ஒரே நீளத் தகட்டில் வரிசையாக ரிவெட் அடிக்கப்பட்டவை. ஒன்றில் கை தவறினால் முழுத் தகடும் ஆபத்தில்.

அந்தத் தகடு எந்த உலோகம் என்று பார்க்கவும். துத்தநாகம் என்றால் மங்கிய நீலச் சாம்பல் நிறம், கனம். அலுமினியம் வெளிறிய வெள்ளை, எடை குறைவு. ஒரே அளவுக்குத் துத்தநாகம் இரண்டரை மடங்குக்கு மேல் கனம் என்பதால், ஒப்பிட இன்னொரு கருவி இருந்தால் தராசிலேயே தெரியும். காந்தம் உதவாது. இரண்டிலும் ஒட்டாது, நாக்குகளில்தான் ஒட்டும். டாங்கோ வாசிப்போர் துத்தநாகத் தகட்டின் ஒலியைத்தான் கேட்கிறார்கள். அலுமினியம் தோள்வலிக்கு நல்லது, விலைக்கு அல்ல.

நாக்குகளில் துரு இருக்கும். கேள்வி எவ்வளவு என்பது. மேலோட்டமான ஆரஞ்சுப் பூச்சு துடைத்தால் போகும். குழி விழுந்த கறுப்புத் துரு எஃகைத் தின்றுவிட்டது. டார்ச்சைத் தகட்டுக்குச் சமமாகச் சாய்த்துப் பிடித்தால் குழிகளின் நிழல் தெரியும். அப்படியே பார்த்தால் தெரியாது. அதே வெளிச்சத்தில் அரத்தின் கோடுகளும் தெரியும்: ஓரிரு நுண்கோடு இயல்பு, நாக்கின் குறுக்கே ஆழமான வெட்டுகள் என்றால் அரைகுறைக் கையில் மாட்டியிருக்கிறது. துத்தநாகத்தில் வெள்ளை மாவு பூத்திருந்தால் ஈரத்தில் கிடந்தது. மாவு நாக்கின் இடுக்குக்குள் ஏறியிருந்தால்தான் தொல்லை.

மரத்தில் புழுத் துளைகள் பழையனவா புதியனவா என்று பார்க்க, கருவியை வெள்ளைத்தாள் மேல் ஓரிரு நாள் வைக்கவும். தாளில் புதுத் தூள் விழுந்தால் புழு உயிரோடு இருக்கிறது. அந்தக் கருவியை மற்றக் கருவிகளோடு வைக்கக் கூடாது.

இரு பக்கப் பெட்டியிலும், நாக்குத் தகடு ஏறியிருக்கும் மரக்கட்டைகளிலும் முத்திரையிட்ட எண்கள் இருக்கும். இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். வலது பக்கம் ஒரு கருவியிலிருந்தும் இடது பக்கம் இன்னொன்றிலிருந்தும் எடுத்துச் சேர்த்தவை சந்தையில் வலம் வருகின்றன. வாசிக்கலாம், ஆனால் முழு அசல் விலை கிடையாது.

அலங்காரமும் போலியும்

முத்துச்சிப்பிப் பூவேலை பதித்த ஏ.ஏ.வுக்கு ‘நாகராதோ’ என்று பெயர், வெறும் கறுப்பைவிட விலை அதிகம். ஒலியில் அதனால் எந்த வித்தியாசமும் இல்லை. சாதாரணக் கறுப்புக் கருவியிலும் பின்னாளில் சிப்பி பதித்திருப்பார்கள். அசல் வேலையில் சிப்பியின் ஓரமும் வார்னிஷும் ஒன்றாகத் தேய்ந்திருக்கும். பின்னர் பதித்ததில் வார்னிஷ் புதிது, சிப்பியைச் சுற்றிப் பசை நிறைத்த கறுப்புக் கோடு தெரியும். கை படும் இடங்களில்கூடத் தேய்மானமே இல்லாத மினுமினுப்பு என்றால் மறுபூச்சு. பெயர் முத்திரையும் அப்படியே மாற்றக்கூடியதுதான். உள்ளிருக்கும் மரவேலை, நெம்புகோல், எண் முத்திரை ஆகியவற்றை அடையாளம் உறுதியான இன்னொரு ஏ.ஏ.வின் படங்களோடு ஒப்பிட்ட பிறகே பெயரை நம்பவும்.

‘இது இன்ன மேதை வாசித்தது’ என்ற கதைக்குத் தனியாக விலை தர வேண்டுமென்றால் ஆவணம் வேண்டும். குறைந்தபட்சம், சிப்பிப் பூக்களின் வடிவம் துல்லியமாக ஒத்துப்போகும் பழைய புகைப்படமாவது. இல்லாவிட்டால் கதையைக் கேட்டுவிட்டுக் கருவிக்கு மட்டும் விலை பேசவும்.

விலையைக் கணக்கிடுதல்

இணையத்தில் கேட்கப்படும் விலைகளைப் பட்டியலிட்டுச் சராசரி எடுப்பது பயன்படாது. அங்கே ஆண்டுக்கணக்கில் விற்காமல் தொங்கும் விலைகளே அதிகம். முடிந்த ஏலங்களின் விற்ற விலையையும், பழுதுபார்த்து உத்தரவாதத்தோடு விற்கும் பட்டறைகளின் விலையையும் மட்டும் எடுக்கவும். அதுவும் அதே தயாரிப்பு, அதே ஸ்வர எண்ணிக்கை, அதே உலோகத் தகடு உள்ளவற்றை மட்டும்.

பிறகு கழித்தல். நன்கு சீரமைத்த, 142 ஸ்வர, துத்தநாகத் தகடு ஏ.ஏ.வின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பரணிலிருந்து இறங்கிய அதே வகைக் கருவிக்குத் துருத்தி மாற்ற 15, வால்வுத் தோல் மாற்றி முழுச் சுருதி சேர்க்க 20, திண்டுகளுக்கும் ஸ்பிரிங்குகளுக்கும் 10 பங்கு பட்டறையில் கேட்கிறார்கள் என்றால் மீதி 55. உள்ளே திறந்து பார்க்க விடவில்லை என்றால் அந்த இருட்டுக்கு இன்னும் 15 கழிக்கவும். 40 பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். இந்த எண்கள் கணக்கு முறையைக் காட்டவே. உண்மையான கூலியைப் பாண்டோனியன் பட்டறை ஒன்றிடம் படங்கள் அனுப்பி எழுத்தில் கேட்டு வாங்கி, அந்த எண்களைப் போடவும்.

இந்தக் கழித்தலில் ஒரு விசித்திரம் தெரியும். 130 ஸ்வரச் சிறு கருவிக்கும் துருத்தி, சுருதி வேலைக்கான கூலி ஏறத்தாழ அதேதான். ஆனால் சீரமைத்த பின் கிடைக்கும் விலை சிறியது. கழித்தால் பூச்சியத்துக்குக் கீழே போகும். அப்படிப்பட்டதைப் பழுதுபார்த்து விற்க நினைப்பது கையைச் சுடும். இருக்கிற நிலையிலேயே சேகரிப்பாளருக்கோ உதிரி பாகம் தேடும் பட்டறைக்கோ கொடுப்பது புத்திசாலித்தனம்.

குறைகளில் எது எவ்வளவு கனம் என்பதிலும் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கிழிந்த கைப்பட்டை, மஞ்சளான பொத்தான், நிக்கல் உரிந்த மூலைத் தகடு, நாற்றமடிக்கும் பெட்டி எல்லாம் கண்ணுக்குப் பெரிது, கணக்கில் சிறிது. கிழிந்த துருத்தி நடுத்தரம். குழித் துருவும் மெலிந்த நாக்கும் வளைந்த தகடும்தான் பேரம் முறிய வேண்டிய இடம். பழைய நாக்குத் தகட்டுக்கு நிகராகப் புதிதாக வாங்கிப் போட்டால் கருவி ஒலிக்கும், ஆனால் ஏ.ஏ. என்ற பெயருக்குக் கொடுத்த பணத்தின் பொருள் அங்கேயே தீர்ந்துவிடும்.

காப்பீட்டுக்கு மதிப்பிடுவதானால் 100 பங்கு விலையை எழுதவும், இழந்தால் அதே தரத்தில் ஒன்று வாங்க அவ்வளவு ஆகும். நேரடியாக இன்னொரு வாசிப்பாளருக்கு விற்றால் அதற்குச் சற்றுக் கீழே. கடைக்காரர் வாங்கினால் இன்னும் கீழே, ஏனென்றால் பழுதுச் செலவும் உத்தரவாதமும் அவர் தலையில். மூன்று விலையும் உண்மையானதுதான், கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

எல்லை தாண்டும் முன்

அர்ஜென்டினாவில் பாண்டோனியனைப் பண்பாட்டுச் சொத்தாகக் காக்க 2009இல் 26.531 என்ற எண்ணுள்ள சட்டம் இயற்றப்பட்டது. அங்கிருந்து பழைய கருவி வாங்குபவர் முன்பணம் அனுப்பும் முன்பே ஏற்றுமதி அனுமதித் தாளை விற்பவரிடம் கேட்க வேண்டும். ‘சூட்கேஸில் போட்டுக் கொண்டு போய்விடலாம்’ என்று சொல்பவரிடம் வாங்காமல் இருப்பதே மேல். உடல் வெனீர் பிரேசில் ரோஸ்வுட் என்று சந்தேகம் வந்தால் அதற்கு அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ சர்வதேச ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியல் பொருந்தும். வயதை நிறுவும் சான்றோடு அனுமதி பெறாமல் அனுப்பக் கூடாது. வெனீரின் பெரும்பகுதி கறுப்புச் சாயமிட்ட சாதாரண மரம்தான், பட்டறைக்காரர் ஒருவரின் எழுத்துச் சான்று அதற்குப் போதுமா என்று சுங்கத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

அனுப்பும்போது துருத்தியை முழுக்க மூடி, மூடும் பட்டையைப் போட்டு, பொத்தான் பக்கங்கள் அழுந்தாதபடி பெட்டிக்குள் கெட்டியான ஸ்பாஞ்சு வைக்கவும். கருவியின் பெட்டியை இன்னொரு அட்டைப்பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விட்டு நிரப்பவும். கடல் வழி வேண்டாம், வாரக்கணக்கில் உப்பு ஈரத்தில் கிடந்தால் நாக்கு துருப்பிடிக்கும். வந்து சேர்ந்ததும் வாங்கும்போது எழுதிய அதே 142 கட்டத் தாளை எடுத்து வைத்து ஒவ்வொரு ஸ்வரமாக ஒப்பிடவும். வழியில் நேர்ந்த சேதத்துக்குக் காப்பீட்டுப் பணம் கேட்க அந்தத் தாளும், அனுப்பும் முன் எடுத்த உட்புறப் படங்களும் இருந்தால்தான் வாதம் நிற்கும்.